கை அமுக்கும் வரை

ஆடி மாதம் திருப்பூரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஊரே சுணங்கிக் கிடக்கும் அந்த மாதம்தான் தெய்வானை மாஸ்டருக்கு அறுவடைக் காலம். மண்டபத்துக்காரர்கள் கேட்ட வாடகைக்குச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். மணமேடைக்கு முன்னால் பலகை அடித்து, மெத்தை விரித்து, நாலு பக்கமும் கயிறு கட்டினால் மல்யுத்தக் களம் தயார்.

இது பதக்கத்துக்கு ஆடுகிற மல்யுத்தம் அல்ல. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு, அடிப்பதுபோல் அடித்து, விழுவதுபோல் விழுகிற மல்யுத்தம். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் தொண்டை கட்டும் வரை கத்துவார்கள். எல்லாம் பொய்தானே என்று யாராவது கேட்டால் மாஸ்டர் சண்டைக்குப் போக மாட்டார். "ஒருக்கா வந்து விழுந்து பாருங்க" என்பார்.

மாஸ்டர் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒல்லி. சர்க்கஸ் கூடாரத்தில் ஊஞ்சலில் ஆடி வளர்ந்த பெண்மணி. அவருடைய சீடன் சென்னியப்பன் வந்து நின்றால் வாசலில் வெளிச்சம் போய்விடும். வயதிலும் அவன்தான் மூத்தவன். பகலில் 'குட்டி யானை' லோடு வண்டி ஓட்டிப் பனியன் மூட்டை இறக்குவான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'பெரும்பாறை' என்று பெயர் வைத்துக்கொண்டு வில்லனாக ஏறுவான். அவனைத் திட்டுவதற்கென்றே சீக்கிரம் வந்து முன்வரிசை பிடிக்கிறவர்கள் உண்டு.

மெத்தைக்கு வெளியே மாஸ்டர் அவனை அண்ணா என்பார், வாங்க போங்க என்பார். மெத்தையில் கால் வைத்ததும் சென்னி, வா, போ. இதில் இருவருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அவர் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஆளைத் தூக்கி இறக்குவது. தலைக்கு மேலே தூக்கியதும் ஒரு கை இடுப்பைத் தாங்கியிருக்கும், இன்னொரு கை எதிராளியின் கையைப் பிடித்திருக்கும். அந்தக் கையை லேசாக அமுக்க வேண்டும். 'இறக்கட்டுமா' என்று அர்த்தம். மேலே இருப்பவர் திருப்பி அமுக்கினால் 'சரி'. அதற்குப் பிறகுதான் இறக்க வேண்டும். இறக்கும்போது தன் காலால் பலகையை ஓங்கி மிதிக்க வேண்டும். மண்டபமே அதிரும். சத்தமெல்லாம் மிதிக்கிற காலுடையது. ஆள் தொட்டிலில் போட்ட குழந்தைபோல் மெத்தையில் கிடப்பார்.

இதைப் பழக சென்னியப்பனுக்கு வருடங்கள் பிடித்தன. அவனைப்போல் இறக்க இன்னொருத்தன் பிறக்க வேண்டும் என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்வார். அவனிடம் மட்டும் சொன்னதில்லை.

அவனைத் தேடித்தான் சென்னையிலிருந்து டிவி கம்பெனிக்காரர் வந்தார். பிரதாப் என்று பெயர். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். மூன்று வருட ஒப்பந்தம் என்றார். அவர் சொன்ன சம்பளத்தை நம்பாமல் சென்னியப்பனின் மனைவி நாச்சம்மா அவனை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அன்று மாலைக்குள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். சொந்த வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வரை பேச்சு போய்விட்டது.

கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று. வாரம் ஒரு புது எதிராளி. தூக்க வேண்டும், போட வேண்டும். நிஜமாகவே போட வேண்டும்.

"கேமரா கிட்டத்துல இருக்கும் சார்" என்றார் பிரதாப். "நீங்க கையை அமுக்கிக் கேக்கறது ஏதோ கையைப் பிடிச்சுக் கொஞ்சற மாதிரி தெரியுது. அது வேண்டாம். விழறவங்களுக்கும் நல்ல சம்பளம்தான். ஆஸ்பத்திரிச் செலவு எங்களது."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருவதாகவும், அங்கே ஒருமுறை போட்டுக் காட்டினால் அப்போதே கையெழுத்து என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சென்னியப்பன் மண்டபத்துக்குப் போனான். சமையல்கட்டில் மாஸ்டர் கிழிந்த மெத்தையைக் கோணூசியால் தைத்துக்கொண்டிருந்தார். அவன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கோணுங்க, மாஸ்டர்."

"கேளுங்ணா."

"தூக்கி வெக்கறதுக்கும் தூக்கிப் போடறதுக்கும் பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"ரெண்டுலயும் ஒரே சத்தம்."

"வெக்கறப்பத்தான் சத்தம் அதிகம். உங்க காலு அப்பிடி."

"அப்பறம் எதுக்குங்க இத்தனை பாடு? தெரியாத ஒண்ணுக்காகவா வர்ற சோத்தை வேண்டாங்கறது?"

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஞாயித்துக்கெழமை எதிராளி யாருங்ணா?"

"இன்னும் முடிவாகலீங்க."

"நான் வர்றேன்."

அவன் பதறிப்போனான். "போட்டுக் காட்டச் சொல்றாங்க, மாஸ்டர்."

"காதுல விழுந்துச்சு. போட்டுக் காட்டுங்க."

"உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகறது?"

"இடுப்பு என்னுது. நீங்க இந்த முனையை இழுத்துப் புடிங்ணா, தையல் கோணுது."

அன்று ராத்திரி சாப்பிடும்போது நாச்சம்மா கேட்டாள், "யாரைப் போடப் போறீங்க?"

"மாஸ்டரை."

கரண்டி பாதியில் நின்றது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டவள் அவள். வீட்டு நிறத்தையும் முடிவு செய்துவிட்டவள். ரசத்தை ஊற்றினாள்.

"மெதுவாப் போடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பிரதாப் கேமராக்காரரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரும்பாறை ஏறியதும் வழக்கம்போல் வசவு. மாஸ்டர் ஏறியதும் விசில். அவ்வளவு பெரிய ஆளுக்கு எதிரே அவ்வளவு சின்ன உருவத்தைப் பார்த்துப் பெண்கள் "அய்யோ பாவம்" என்றார்கள். மாஸ்டர் அந்தப் பாவத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். அவன் காலுக்கிடையில் புகுந்து ஓடினார், முதுகில் ஏறிக் காதைத் திருகினார். கூட்டம் சிரித்துச் சிரித்துச் சோர்ந்தது.

பிறகு அவன் அருகே வந்து, வாய் அசையாமல் சொன்னார். "சென்னி, தூக்கு."

தூக்கினான். அவர் எடை ஒரு பனியன் மூட்டையில் பாதிகூட இல்லை. மண்டபம் அடங்கியது. போட வேண்டியதுதான் பாக்கி. கேட்காமல் போட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். ஆனால் பழகிப்போன விரல்கள் தாமாகவே அவர் கையை அமுக்கிவிட்டன.

பதில் இல்லை.

மறுபடி அமுக்கினான். மாஸ்டரின் கை அவன் கைக்குள் பூனைக்குட்டிபோல் பேசாமல் கிடந்தது.

கூட்டம் எண்ண ஆரம்பித்தது. முன்வரிசையில் பிரதாப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். சென்னியப்பனுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. லைன் வீட்டுக் குழாயடியும், வரிசையில் நாச்சம்மாவின் குடமும் ஞாபகம் வந்தன. பலகையை மிதித்துவிட்டுக் கையை விட்டால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. மூன்றாம் முறை அமுக்கினான். கெஞ்சுவதுபோல் அமுக்கினான்.

பதில் இல்லை.

எண்ணிக் களைத்த கூட்டம் எண்ணுவதை விட்டது. சென்னியப்பன் ஒரு முழங்காலை ஊன்றினான். பிறகு இன்னொன்றை. அப்படியே உட்கார்ந்து, மடிக்கு இறக்கி, மடியிலிருந்து மெத்தைக்கு மாஸ்டரை மாற்றி வைத்தான். காலால் மிதிக்கவில்லை. அந்த மண்டபத்தில் சத்தமே இல்லாமல் ஒரு ஆள் இறங்கியது அன்றுதான்.

வைத்த மாத்திரத்தில் மாஸ்டர் துள்ளி எழுந்து அவனை மல்லாக்கத் தள்ளி, நெஞ்சின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நடுவர் மூன்று தட்டு தட்டினார். பெரும்பாறை தோற்றது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தல். ஜெயிக்க வேண்டியவன் தான்தான் என்பது மெத்தையில் மல்லாந்து கிடந்த சென்னியப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உடை மாற்றுவது மணமகள் அறையில். அங்கே பிரதாப் வந்தார். திட்டப் போகிறார் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"பிரமாதம் சார். இதைப் பாருங்க."

செல்போனில் காட்டினார். கேமராக்காரர் மாஸ்டரின் முகத்தைக் கிட்டத்தில் பிடித்திருந்தார். தலைக்கு மேலே படுத்திருந்த மாஸ்டர் கண்ணை இறுக்கி, வாயை முழுசாகப் பிளந்திருந்தார்.

"எப்படி அலறறாங்க பாருங்க. சத்தமே வராத அலறல். நடிப்பில்ல சார், நிஜமான பயம். எனக்கு இதுதான் வேணும். இவ்வளவு நேரம் தூக்கி வெச்சுக்கிட்டு நில்லுங்க, அப்புறம் போடுங்க. சம்பளம்கூட ஏத்திக்கலாம். அந்தக் கை அமுக்கறது மட்டும் வேண்டாம்."

சென்னியப்பன் அந்தப் படத்தையே பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் கையில் இருந்த யாரும் பயந்ததில்லை.

பிரதாப் பேனாவை நீட்டினார்.

"கேக்காம எறக்கறது நமக்கு ஆவாதுங்க" என்றான்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார். இந்த வயசுல இன்னொருத்தர் வந்து உங்களைக் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க. தூரத்துலருந்து வந்திருக்கீங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் காப்பி சாப்பிடாமல் போய்விட்டார். வாசலில் காத்திருந்த நாச்சம்மா அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். துண்டை எடுத்து அவன் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். லைன் வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்வது என்று அவளுக்கும் கவலை இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்தது. மாஸ்டர் களத்திலிருந்து இறங்கி, கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் போய் மறுமுனையை அவிழ்த்தான். இருவருமாக ஒரு கயிற்றைச் சுருட்டி முடித்தார்கள்.

"வேண்டாம்னு சொல்லிட்டனுங்க, மாஸ்டர்."

அவர் தலையை ஆட்டினார்.

"மூணு தடவை அமுக்கினனுங்க. நீங்க ஏன் அமுக்கலை?"

அவர் அடுத்த கயிற்றுக்குப் போனார்.

"செல்லுல பாத்தனுங்க." "எங்கையில இருந்துட்டு அலறியிருக்கீங்க. உங்களைப் பயமுறுத்திப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க, மாஸ்டர்."

மாஸ்டர் கயிற்றைக் கீழே வைத்தார். அவ்வளவு பெரிய ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது.

"அலறலைங்ணா. கொட்டாவி. நீங்க போயிருவீங்களோன்னு நாலு நாளாப் பொட்டுத் தூக்கமில்லை. உங்க கைக்கு வந்த பொறவுதான் கண்ணு சொக்குச்சு."