ஆவுடையப்பன் முடித்த லட்சம்

நேர்ந்துகொண்டதை முடித்துவிட்டு வருகிறவர் முகம் அப்படியா இருக்கும்? மடத்து முற்றத்தில் ஆவுடையப்பன் வழி தப்பி வந்தவரைப் போல நின்றார்.

மடத்துச் சாமி அவரைவிட வயதில் இளையவர். அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. மதினி எப்படி இருக்காங்க?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன் சாமி. எனக்கு ஒண்ணும் புரியல."

மனைவி வடிவு பக்கவாதம் வந்து படுத்துப் பேச்சையும் இழந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'முருகா' என்று லட்சம் தடவை எழுதச் சொன்னவர் சாமிதான். ஆவுடையப்பனும் மடியில் பலகையை வைத்து மாங்கு மாங்கென்று எழுதினார். விரல் வீங்கியதுதான் மிச்சம். லட்சம் கிட்டே வருவதாக இல்லை. அவள் சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டுமே என்று மனுஷன் தவித்துப்போனார்.

"அதனால போன்ல எழுதிட்டேன் சாமி. ஒரு பக்கம் அடிச்சு, அதையே எடுத்து எடுத்து ஒட்டினேன். காபி ஆறுறதுக்குள்ள லட்சம் முடிஞ்சிட்டு."

அந்தக் கவலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. முருகனுக்கே குறுக்குவழி காட்டிவிட்டவர் அல்லவா!

"நல்லது," என்றார் சாமி.

"தப்பில்லையே?"

"அதே பேருதானே."

"பொறவு ஏன் அவ கஞ்சியைத் துப்புதா? லட்சம் முடிஞ்ச அன்னையிலேருந்து சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவதான். கண்ணை மூடவே மாட்டேங்கா. இப்படியே போனா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு. வெண்ணெய் திரளும்போது தாழி உடைஞ்ச கதையாப் போச்சே!"

சொல்லும்போதே அழுதுவிட்டார். அவளை இழந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

சாமி செம்பைக் கீழே வைத்தார்.

"கையால எழுதினப்போ எப்படி இருந்தாங்க?"

"அப்போ தூங்கத்தான் செஞ்சா. பேனா சத்தம் நின்னா மட்டும் முழிச்சுப் பாப்பா. அடுத்த வரி ஆரம்பிச்சதும் கண்ணை மூடிக்குவா."

"இப்போ நீங்க எங்க இருக்கீக?"

"முன் ரூம்லதான். அவளுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

சாமி உள்ளே போனார். ஒரு புது நோட்டை எடுத்து வந்து நீட்டினார்.

ஆவுடையப்பனுக்கு நோட்டை வாங்கக் கை போகவில்லை.

"அப்போ போன்ல எழுதின லட்சம் சேராதா சாமி?"

"சேந்தாச்சு."

"கொறை ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"அதான் கணக்கு முடிஞ்சிட்டே. பொறவு எதுக்கு நோட்டு?"

சாமி அவர் கையைப் பிடித்து, வீக்கம் வடியாத அந்த விரல்களுக்குள் நோட்டை வைத்தார்.

"முருகனுக்கு முடிஞ்சிட்டு அண்ணாச்சி."