பதினோரு நகல்கள்

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனி. அதன் மேனேஜர் கனகசபாபதிக்கு ஒரே சட்டம்தான். புரோகிராம் முழுவதும் அவர் அறை சர்வரில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒருவர் ஒரு ஃபைலைத் திருத்த எடுத்தால், அது திரும்பும்வரை மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சொந்தமாக நகல் வைத்திருந்தால் வேலை போய்விடும்.

ஒருநாள் காலையில் சர்வர் செத்துப்போனது. பேக்கப்பும் அதற்குள்ளேயேதான் இருந்தது.

கனகசபாபதி, புதிதாய்ச் சேர்ந்த மரியபுஷ்பத்தைப் பிடித்துக்கொண்டார். "நேத்து கடைசியா தொட்டது நீதானே? ஆறு வருஷ வேலையும் சாயங்காலத்துக்குள்ள திரும்ப வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்."

"சரி சார். அதுக்கு முன்னாடி, உங்க சட்டத்தை மீறினவங்க யாருன்னு எல்லார் லேப்டாப்பையும் பாத்துடுங்க."

அது அவருக்குப் பிடித்த வேலை. பார்த்தார். பதினோரு லேப்டாப்பிலும் ஆறு வருட மாற்றங்கள் தேதிவாரியாக, முழுசாக இருந்தன. எல்லாம் டீ குடித்துக் காத்திருந்த நேரத்தில் ஊழியர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டவைதான்.

"பதினோரு பேர் சார், என்னையும் சேர்த்து. சட்டப்படி எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடவா?" என்றாள் மரியபுஷ்பம்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றார் கனகசபாபதி. வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இனிமே நகல் வச்சிருக்காதவங்களுக்குத்தான் வேலை போகும்."

மரியபுஷ்பம் ஒரு பென்டிரைவை நீட்டினாள்.

"அப்போ முதல்ல நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க சார்."