மூன்றாம் மாடிக் கறை

ஈரோட்டில் துளசிமணி என்றொருத்தி, கயிற்றில் தொங்கிக் கட்டடக் கண்ணாடி துடைக்கிறவள். தனி ஆள், சொந்தத் தொழில். ஜவுளிக்கடை முதலாளி சென்னியப்பன் அவளை வரச் சொன்னார்.

"வெளிப்பக்கம் மூணு மாடி. நீ கேட்ட ஆறாயிரம் தர்றேன். ஒரு கறை இருந்தாலும் ஒத்தப் பைசா கிடையாது."

முன்பு வந்த இரண்டு பேர் இதே கடையிலிருந்து வெறுங்கையோடு போனது அவளுக்குத் தெரியும். ஆனால் பத்து நாளாக வேறு வேலை இல்லை. ஒப்புக்கொண்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து இறங்கினாள். முதலாளி வாசலில் நின்று, துணி எடுக்க வந்தவர்கள் காதில் விழும்படி கத்தினார்: "அதோ, மூணாவது மாடியில கறை!"

துளசிமணி மறுபடி மாடிக்குப் போய்க் கயிற்றில் இறங்கினாள். காற்று அவளை ஆட்டியது. அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் கறை அசையவில்லை. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள், புரிந்துவிட்டது.

அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "சரியாத் தெரியலீங்க. நீங்களே மேல வந்து, உள்ள நின்னு, கறை மேல விரலை வச்சுக் காட்டுங்க. அந்த இடத்தையே துடைச்சர்றேன்."

கூட்டம் பார்க்கிற மிதப்பில் சென்னியப்பன் லிஃப்டில் ஏறிப் போனார். "இதோ!" என்று விரலை அழுத்தினார். கறை விரலோடு இழுபட்டு வந்தது. அவர் நெற்றியில் இருந்த அதே சந்தனம். கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்ததால் தெருவுக்கே தெரிந்தது. ஜனம் சிரித்தது.

பேசிய பணத்தை நீட்டி, "அடுத்த மாசமும் வந்துரும்மா" என்று முனகினார்.

"வர்றேனுங்க. வெளிப்பக்கம் அதே ஆறாயிரம்தான். உள்பக்கமும் துடைக்கணும்னா, அதுக்குத் தனி ரேட்டுங்க."