ஏரிக்குள் இறக்கிய கமெரா

ஒரு நாட்டிலே ஓர் ஏரி இருந்ததாம். மாரிக் குளிர் வந்தால் உறைந்து கதவைச் சாத்திக்கொள்கிற ஏரி. சாத்திய கதவுக்கு மேலே மனிதர் நடப்பார்கள், கூடாரம் போடுவார்கள், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். கீழே என்ன நடக்கிறது என்று கதவுக்குத்தான் தெரியும்.

அந்த ஏரிக்கு மேலே நின்றுகொண்டு உருத்திரன் கேட்டான்.

"தங்கச்சி, இதில ஒண்டும் தெரியுதில்லை. எப்பிடிப் பாக்கிறதெண்டு எனக்குச் சொல்லித் தா."

அவன் கையில் ஒரு கமெரா. தண்ணீருக்குள் இறக்குகிற கமெரா. மீனைப் போலவே செய்திருந்தார்கள், வால்கூட வைத்து. அதிலிருந்து நீளமாய் ஒரு வயர். வயரின் மறுமுனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை.

அவன் கேட்டது றெஜினாவிடம். அவள் அவனைவிடப் பத்து வயது இளையவள். பதினைந்து மாரியாக அந்த ஏரியில் கூடாரங்களை வாடகைக்கு விடுகிறாள். தூண்டில் நூலை இரண்டு விரலால் பிடித்தாளென்றால், அடியில் கிடப்பது கல்லா, சேறா, பாசியா என்று சொல்லிவிடுவாள். கமெரா அவளிடம் இல்லை.

"மீன் பாக்கவோ அண்ணை?"

"இல்லை. மச்சானைப் பாக்க."

அவளுக்கும் தெரியும். ஏரி முழுக்கத் தெரியும்.

மச்சான் என்றால் யோகன். உருத்திரனின் தங்கை வதனியின் புருஷன். மூன்று கிழமைக்கு முன்னம் இரண்டு பேருமாய் மீன் பிடிக்க வந்தார்கள். இரண்டாவது தூண்டிலைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று யோகன் கூடாரத்தை விட்டு வெளியே போனான். பனிக்கட்டியின் வெடிப்பை மூடிப் பனி கொட்டியிருந்தது. மெல்லிய இடம். போனவன் போனவன்தான்.

பொலிசார் இரண்டு நாள் சுழியோடிகளை இறக்கித் தேடினார்கள். பிறகு, ஏரி உருகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உருத்திரன் போகவில்லை. இருபத்தொரு நாளில் நூற்று நாற்பது துளை போட்டான். ஒவ்வொன்றுக்குள்ளும் கமெராவை இறக்கினான். இரண்டு ஆள் நீளத்துக்குப் பச்சைத் தண்ணீர். அதற்கு அங்கால் இருட்டு.

டிவி பார்க்கிறதென்றால் வீட்டில் சூடாய் இருந்து பார்க்கலாமே என்று முதலில் பகிடி பண்ணினார்கள். விஷயம் தெரிந்த பிறகு பகிடி பண்ணினவர்களே அவனுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வதனியும் ஒவ்வொரு நாளும் வந்தாள். தேத்தண்ணிப் போத்தலோடு கரையில் நிற்பாள். பனிக்கட்டியில் கால் வைக்கமாட்டாள். பின்னேரம் அவன் திரும்பும்போது ஒரே கேள்விதான்.

"அண்ணா, கண்டனீங்களோ?"

"இல்லை."

முதல் நாள் மட்டும் வேறொன்று கேட்டாள். அவர் ஒரு சத்தமும் போடவில்லையா என்று. காற்று இரைந்தது, கூடாரத்துக்குள் ஒன்றும் கேட்கவில்லை என்று உருத்திரன் சொன்னான். பொலிசுக்கும் அதைத்தான் சொன்னான்.

அவனிடம் அதை அவள் பிறகு கேட்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடி கோப்பையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஒரு சத்தமும் போடாமலோ போனவர், ஒரு சத்தமும் போடாமலோ போனவர் என்று.

றெஜினா கமெராவைக் கையில் வாங்கவில்லை. அன்றைக்குக் கூடாரம் எங்கே நின்றது என்று கேட்டாள். அவன் காட்டினான். அந்த இடத்திலிருந்து பனி உடைந்த இடம்வரை அவள் நடந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

இருபது காலடி.

உடைந்த இடம் மறுபடி இறுகிப் போயிருந்தது. அதில் யாரோ ஒரு பைன் கிளையை நட்டிருந்தார்கள். அது அந்த ஏரியின் வழக்கம். ஆள் தாழக்கூடிய இடத்தை, தான் போட்ட துளையை, கிளை நடாமல் விட்டுவிட்டு ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

"அண்டைக்குப் போட்ட இடத்திலயே கூடாரத்தைப் போடுங்கோ," என்றாள். "முதல்ல ஒரு மீனைப் பிடியுங்கோ."

"எனக்கு மீன் வேண்டாம் தங்கச்சி."

"தெரியும்."

இரண்டு துளை. ஒன்றில் கமெரா. மற்றதில் தூண்டில்.

முதல் நாள் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மீன் ஒன்று திரைக்குள் வந்தது. இரையை முகர்ந்து பார்த்தது. உருத்திரன் சுண்டி இழுத்தான். வெறும் தூண்டில் மேலே வந்தது. அப்படியே ஆறு தரம்.

அது வாயைத் திறக்க முன்னம் நீங்கள் இழுக்கிறீர்கள் என்றாள் றெஜினா. கண்டவுடனே கை ஓடுகிறது. கமெரா வைத்திருக்கிற எல்லோருக்கும் வருகிற வருத்தம்தான் இது.

"அதுக்கு என்ன மருந்து?"

"திரையையே பாருங்கோ. வேற ஒண்டையும் பாக்காதேங்கோ."

அவன் அப்படியே செய்தான். இரண்டாம் நாள் பக்கத்தில் அடுப்பில் வைத்த தேத்தண்ணிக் கேத்திலில் தண்ணீர் வற்றி, அடி கருகி, கூடாரம் முழுக்கப் புகைந்தது. அவனுக்குத் தெரியவில்லை. றெஜினா வந்து அடுப்பை நிறுத்தினாள்.

பின்னேரம் கரையில் வதனி கேட்டாள். அவன் இல்லை என்றான்.

மூன்றாம் நாள் காற்று எழும்பியது. அன்றைக்கு அடித்த அதே வாடைக் காற்று. கூடாரத் துணி படபடவென்று அடித்தது. நீங்கள் உள்ளே இருங்கள், நான் வெளியே நிற்கிறேன் என்றாள் றெஜினா.

உருத்திரன் கூடார வாசலின் சிப்பை இழுத்து மூடிவிட்டுத் திரைக்கு மேலே குனிந்தான்.

கனநேரம் வெறும் பச்சை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒன்று வந்தது. கை நீளம். இரைக்கு முன்னால் வந்து அசையாமல் நின்றது. செவுள் மட்டும் திறந்து மூடியது.

வெளியே குரல் கேட்டது.

"உருத்திரண்ணை."

"பொறு தங்கச்சி. வந்திட்டுது."

மீன் ஒரு விரற்கடை கிட்ட வந்தது.

"உருத்திரண்ணை."

அவன் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான், துணிக்கு அங்கால் அவளுக்குத் தெரியும் என்பதுபோல.

மீன் வாயைத் திறந்தது.

"அண்ணை."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீன் வாயை மூடியது. நூல் இறுகியது. இழுத்தான்.

இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான்.

"பிடிச்சிட்டன்."

றெஜினா அந்தக் கிளைக்குப் பக்கத்தில் நின்றாள். இருபது காலடிக்கு அங்கால். மீனைப் பார்க்கவில்லை.

"எத்தினை தரம் கூப்பிட்டனான் அண்ணை?"

"மூண்டு தரம்."

யோசிக்காமல் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் காற்று இரைவது அவன் காதில் விழுந்தது.

சிரிப்பு போக இடமில்லாமல் முகத்திலேயே நின்றது.

"அண்டைக்கு?"

மீன் கையிலிருந்து நழுவியது. பனிக்கட்டியில் விழுந்து அடித்தது. அடித்து அடித்து, உடம்பில் பனித்தூள் ஒட்டி, மெல்ல மெல்ல விறைத்தது. அது அசையாமல் கிடக்கும்வரை உருத்திரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு," என்றான். "மச்சான், மச்சான் எண்டு ரெண்டு தரம். பொறு மச்சான் எண்டனான். திரையில மீன் நிண்டது."

அவள் கூடாரத்துக்குள் போனாள். கமெராவை மேலே இழுத்து, வயரைச் சுற்றி, அவனுடைய பைக்குள் வைத்தாள். தன் சறுக்கு வண்டியிலிருந்து இரண்டு கிளை எடுத்துவந்து இரண்டு துளையிலும் நட்டாள்.

"இனி நான் எங்க பாக்கிறது தங்கச்சி?"

"வதனி கரையில நிக்கிறா."

சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு அவள் தன் வழியில் போனாள்.

உருத்திரன் பையை எடுக்கவில்லை. வெறுங்கையோடு கரைக்கு நடந்தான்.

"அண்ணா, கண்டனீங்களோ?"

"இல்லை."

அவள் போத்தலின் மூடியைத் திறக்கப் போனாள்.

"அவர் கூப்பிட்டவர், பிள்ளை. ரெண்டு தரம். எனக்குக் கேட்டது."

வதனி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். போத்தலைக் கீழே வைத்தாள். பிறகு, முதன்முதலாய்ப் பனிக்கட்டியில் காலை வைத்தாள்.

பனி உடைந்த இடத்துக் கிளைவரை தனியாக நடந்து போனாள். அங்கே குந்தியிருந்து, பனியில் கையை வைத்து, ஏதோ சொன்னாள். காற்று இரைந்தது. அவன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். ஒரு சொல்லும் அவனுக்கு வந்து சேரவில்லை.

திரும்பி வந்தவள் அவனைப் பாராமல் அவனைக் கடந்து வீதிக்கு ஏறிப் போனாள்.

தேத்தண்ணிப் போத்தல் கரையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. கனநேரம் அதற்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, அவனும் நடந்தான். அவள் போன பக்கம் அல்ல.