எதல்பெர்ட்டின் கல்யாணமும் முடியாத சீசனும்

உலகத்தில் எட்டுத் திசை உண்டு. எட்டிலும் நாலு புத்திசாலிகளாவது உண்டு. சிப்பிமுனை ஒன்பதாவது திசையில் இருக்கிற ஊர். கடற்கரை ஊர் என்பதால், ஆண்கள் மீன் பிடித்துவிட்டு மீதி நேரத்தில் கால்பந்து பார்ப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கால்பந்து பார்த்தது போக மீதி நேரத்தில்தான் அங்கே மீன். அதுவும் மீதி நேரம் என்று ஒன்று இருந்த காலத்தில்.

அந்த ஊர் ரசிகன் எதல்பெர்ட்டுக்கு முப்பத்திநாலு வயது. கால்பந்துச் சங்கத் தலைவர் சிலுவையானின் மகள் பிரிஸ்காவுக்கும் அவனுக்கும் கல்யாணம் பேசி முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சிலுவையான் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை.

"சீசன் முடிஞ்ச மறுநா கல்யாணம். சீசனுக்கு நடுவுல வச்சா எவன் வருவான்? பூசை வைக்கிற பங்குச்சாமியே அங்க கொடியும் கையுமா லைன்ஸ்மேனா நிக்காரு."

நியாயமான பேச்சு. சீசன் முடிய வேண்டியதுதான் பாக்கி. அது முடியவில்லை.

போன வருஷம் புத்தாண்டுப் பூசை முடிந்த கையோடு தொடங்கிய சீசன் இது. எட்டு ஊர், இருபத்தெட்டு ஆட்டம், அரையிறுதி, இறுதி. மூன்று மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிப்பிமுனைச் சங்கம் நீதிக்குப் பேர்போனது. தோற்ற அணி புகார் கொடுத்தால் மறு ஆட்டம். ஜெயித்த அணி, 'ஒருவேளை தற்செயலா ஜெயிச்சிட்டமோ?' என்று சந்தேகப்பட்டால் அதற்கும் மறு ஆட்டம். இப்படியே இருபத்தோராவது மாதம் வந்துவிட்டது.

முதல் மாதம் ஒரு கோல் விழுந்தால் எதல்பெர்ட் பக்கத்தில் நிற்பவனைக் கட்டிப்பிடித்து அழுவான். பத்தாவது மாதம் கை மட்டும் தட்டினான். இருபதாவது மாதம் கோல் விழுந்தபோது, "ம்" என்றான். பக்கத்தில் நின்றவன் தூங்கிக்கொண்டிருந்ததால் அந்த "ம்" கூட வீண்.

"ஒங்க வாயில பேச்சு இருக்கா இல்லியா?" என்று பிரிஸ்கா கேட்டாள். "போய் அப்பாட்ட சொல்லுங்க."

மறுநாளே சங்கத்துக்குப் போனான். தலைவர் சிலுவையான், செயலாளர் வியாகுலம், நடுவர் கிரகோரி மூவரும் இருந்தார்கள். சங்கத்தின் மூளை மொத்தமும் அங்கே இருந்தது. அதனால் அறையில் நிறைய இடம் காலியாக இருந்தது.

"மாமா, சீசன் ரொம்ப நீளம். குறைக்கணும்" என்றான்.

மூவரும் கவலையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீளம்னு வாயால சொன்னா ஆச்சா? அளந்து பாத்தீரா?" என்றார் கிரகோரி.

அளக்கவில்லைதான். எதல்பெர்ட்டுக்கு வெட்கமாகிவிட்டது. வியாகுலம் ஆட்ட அட்டவணையைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். மறு ஆட்டம் வரும்போதெல்லாம் நடுவில் வெட்டி, புதுத் தாள் வைத்து, மைதா பசையால் ஒட்டி ஒட்டி, அது பாய்மரம் போல் வளர்ந்திருந்தது. டேப்பின் ஒரு முனையை எதல்பெர்ட்டே பிடித்தான். பதினோரு அடி.

"ஆத்தாடி! பய சொன்னது நெசம்தான்" என்றார் சிலுவையான். "எவ்வளவு குறைக்கணும் மக்களே?"

"ஒரு மூணடி?"

கத்தரிக்கோல் வந்தது. கீழ்ப்பக்கம் மூன்றடி போனது. எதல்பெர்ட் நிம்மதியாக வீட்டுக்குப் போனான். எட்டடி சீசன் பார்க்கவே அழகாக இருந்தது.

மறுவாரம்தான் தெரிந்தது, அந்த மூன்றடியில்தான் அரையிறுதியும் இறுதி ஆட்டமும் இருந்தன என்று. ஓடிப்போய்க் கேட்டான்.

"வெட்டினதை எங்க போட்டீங்க?"

"கடல்ல விட்டாச்சு. சுத்தம் முக்கியம்லா?" என்றார் வியாகுலம்.

"அப்போ சீசன் எப்பிடி முடியும்?"

"அது எப்பிடி முடியும்? முடிவைத்தான் நீரே வெட்டச் சொன்னீரே. கடைசி வரிக்கு வந்தா திரும்ப மொத வரிக்குப் போகணும். வேற வழி?"

பிரிஸ்கா இதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "குறைக்கச் சொல்லாதீங்க. பாதியா ஆக்கச் சொல்லுங்க. அதையாவது ஒழுங்காச் செய்வாங்க."

பாதியாக்கச் சொன்னான். சங்கம் ஒரு பகல் முழுக்க ஆலோசித்தது. பந்தைப் பாதியாக வெட்டலாமா என்று ஒரு கட்டத்தில் பேச்சு வந்தது. பாதிப் பந்து உருளாது என்று கிரகோரி ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னதால், ஆட்டத்தை வெட்டுவது என்று முடிவாயிற்று. இனி ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் பாதி மட்டும்.

இரண்டு வாரம் நல்லபடியாகவே ஓடியது. பிறகு எட்டு ஊரும் சங்கத்து வாசலில் வந்து நின்றன. "எங்க ரெண்டாம் பாதி எங்க?" என்று கேட்டன. கேட்டதில் தப்பில்லையே. விட்டுப்போன இரண்டாம் பாதிகளைத் தனித்தனி ஆட்டமாக அட்டவணையில் ஒட்டினார்கள். இரண்டாம் பாதியும் ஓர் ஆட்டம் என்று ஆனபின், அதற்கு மட்டும் இரண்டாம் பாதி கிடையாதா என்று ஒரு ஊர் கேட்டது. அதையும் ஒட்டினார்கள். அட்டவணை பத்தொன்பது அடியைத் தொட்டது. மைதா விலை ஏறியது.

எதல்பெர்ட் உடைந்துபோனான். சங்கத்து வாசலில் நின்று, இருந்த தொண்டையை எல்லாம் திரட்டிக் கத்தினான்.

"ஒங்க அளவும் வேண்டாம், பாதியும் வேண்டாம்! இந்த வருஷத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க!"

உள்ளே மூன்று நாற்காலிகள் நகர்ந்தன.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா எவ்வளவு லேசா முடிஞ்சிருக்கும்!" என்று சிலுவையான் சொல்வது கேட்டது.

சுவரில் தொங்கிய தினக் காலண்டரை இறக்கினார்கள். அன்று செப்டம்பர் முப்பது. மூவரும் உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்தார்கள். அக்டோபர் பறந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது மட்டும் கிழிப்பதை நிறுத்தி, எழுந்து நின்று, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு தொடர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் டிசம்பர் முப்பத்தொன்று ஆகிவிட்டது.

"சீசன் முடிஞ்சிட்டு!" என்று வியாகுலம் மைக்கில் அறிவித்தார். ஊர் வெடி போட்டது. எதல்பெர்ட் மணலில் முழங்கால் போட்டுக் கதறினான். இருபத்தொரு மாதம் கழித்து அவன் கண்ணில் வந்த முதல் தண்ணீர்.

"நாளைக்குக் கல்யாணம்!" என்றார் சிலுவையான்.

"நாளைக்கு என்ன தேதி?" என்றார் கிரகோரி.

"ஜனவரி ஒண்ணு."

"புது சீசன் தொடங்குத நாள்லா அது?"

எல்லோருடைய முகமும் தொங்கிப்போனது. புத்தாண்டு அன்று முதல் ஆட்டம் என்பது சங்கத்தின் விதி. மறுநாள் கல்யாணம் என்பது சிலுவையானின் வாக்கு. இரண்டையும் மீற முடியாது. முடிவில், முதல் ஆட்டத்தின் இடைவேளையில், மைதானத்தின் நடு வட்டத்தில் கல்யாணத்தை வைத்துவிடுவது என்று தீர்த்தார்கள். பத்து நிமிஷம் தாராளம்.

பங்குச்சாமியும் அதே ஊர்க்காரர்தான். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இடைவேளை விசில் கேட்டதும் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு நடு வட்டத்துக்கு ஓடிவந்தார். பிரிஸ்கா பட்டுச் சேலையில் காத்து நின்றாள். எதல்பெர்ட் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"எதல்பெர்ட், ஒனக்குச் சம்மதமா?"

"சம்மதம் சாமி."

"பிரிஸ்கா, ஒனக்கு?"

"சம்மதம்."

உடனே விசில் பறந்தது. கிரகோரி நோட்டும் பென்சிலுமாக நடுவில் வந்து நின்றார்.

"அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. டிரா."

"கல்யாணத்துல என்ன டிரா?" என்று எதல்பெர்ட் பதறினான்.

"கோட்டுக்கு உள்ள எது நடந்தாலும் நான்தான் நடுவர். ரெண்டு பேரும் சமம்னா அது டிராதான். மறுபடி நடத்தணும், பொண்ணு வீட்டு மைதானத்துல. வியாகுலம், பசையை எடும்."

பிரிஸ்கா செருப்பைக் கழற்றினாள். "இன்னொரு தடவை எல்லாம் முடியாது. பெனால்டி வைங்க. இப்பவே முடிச்சிருவோம்."

சங்கம் கூடிப் பேசியது. கேட்டது முறைதான். பெண்ணுக்கு ஐந்து உதை. ஒன்று கோலானாலும் கல்யாணம். ஒன்றும் ஆகாவிட்டால் கல்யாணம் இல்லை.

"கோலி யாரு?" என்றார் வியாகுலம்.

"மாப்பிள்ளைதான். அவரு டீம்ல வேற யாரு இருக்கா?" என்றார் கிரகோரி.

எதல்பெர்ட் போய்க் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றான். பிரிஸ்கா அவனைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, பந்தை இடது ஓரமாக, பூனைக்குட்டிகூடத் தாண்டிப் போகிற வேகத்தில், உருட்டிவிட்டாள். அவன் சும்மா நின்றால் போதும். நிற்கத்தான் நினைத்தான்.

அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டு ஊர்ச் சனமும் எழுந்தது. "எதல்பெர்ட்! எதல்பெர்ட்!"

இருபத்தொரு மாதம் அவன் ஊரார் பேரையெல்லாம் கத்தியிருக்கிறான். அவன் பேரை யாரும் கத்தியதில்லை. அவன் உடம்பு தானாகப் பாய்ந்தது. பந்து கையில்.

இரண்டாவதையும் பிடித்தான். மூன்றாவதைத் தட்டிவிட்டான். நான்காவதை வேட்டி கிழிய விழுந்து மார்பால் தடுத்தான். ஐந்தாவது உதையில் பிரிஸ்காவிடம் சிரிப்பு இல்லை. சேலையைத் தூக்கிச் செருகி, பத்தடி பின்னால் போய், ஓடிவந்து உதைத்த உதையில் பந்து வலது மேல் மூலைக்குச் சீறியது. எதல்பெர்ட் காற்றில் பறந்தான். விரல் நுனியால் தொட்டு, கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டான்.

மைதானம் அதிர்ந்தது. அவனைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். சிலுவையான் ஆனந்தக் கண்ணீரோடு, "இப்பிடி ஒரு கோலி எனக்கு மருமவனா வாய்க்கலியே!" என்று அழுதார்.

தோள்மேல் உட்கார்ந்தபடியே எதல்பெர்ட், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுகிற பிரிஸ்காவைப் பார்த்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை. கையை ஆட்டிக் கூப்பிட்டுச் சொன்னான்:

"பிரிஸ்கா! அந்த அஞ்சாவது நல்ல உதை! இன்னும் நாலு விரக்கடை வலது பக்கம் அடிச்சிருந்தா நமக்குக் கல்யாணம் ஆயிருக்கும்!"