சாண் நீளப் பிடி

"மறுபடியும் தளிர் விட்டுருச்சும்மா" என்றார் விருத்தாசலம்.

தவமணியம்மா பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எதுலய்யா வெட்டுனீங்க?"

"மொதல்ல அரிவாள். அப்புறம் ரம்பம். போன மாசம் பெட்ரோல் மெஷினே வரவழைச்சேன். நீளப் பிடி, குனியவே வேண்டாம். அடிச்சுத் தள்ளுனேன். ஒரே ஒரு மழைதான் பேஞ்சுது. ஒண்ணு இருந்த இடத்துல பத்து நிக்குது."

திண்டுக்கல்லில் முப்பத்தைந்து வருடம் இரும்புக்கடை நடத்தியவர். எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று ஊருக்கே சொன்ன வாய். போயும் போயும் ஒரு உண்ணிச்செடியிடம் தோற்று நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

தோல்வி மட்டும் என்றால் போகட்டும். ஆசிரமத்துக்கு வந்த அன்றே அவர், அதை நடத்தும் தவமணியம்மாவிடம் மந்திர உபதேசம் கேட்டிருந்தார். அறுபத்தாறு வயது, இரண்டு முறை நெஞ்சுவலி. வாங்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அன்று தவமணியம்மா அந்த ஆறடி மனிதரைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"காதுல சொல்ற விஷயம்யா அது. கிணத்துக்குப் பின்னால உண்ணிச்செடி மண்டிக் கிடக்கு. மொதல்ல அதை எடுங்க, பார்க்கலாம்."

வருகிறவர்கள் எல்லோரும் அந்த அம்மாளின் காலில் விழுவார்கள். விருத்தாசலம் கைகூப்புவதோடு சரி. கேட்டால் முழங்கால் வலி என்பார். அம்மாளுக்குத் தன் மகளைவிட வயது குறைவு என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது தவமணியம்மா தொழுவத்துக் கூரையில் செருகியிருந்த ஒரு களைக்கொத்தை உருவிக் கொடுத்தார். தேய்ந்த இரும்பு. சாண் நீளப் பிடி.

விருத்தாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதெல்லாம் எங்க கடையில எடைக்குப் போடுற சாமான். நான் ஒரு நல்ல பிடி போட்டுக்கவா?"

"போட்டுக்கங்களேன்."

நாலடிப் பிடி போட்டார். அரை நாள் நின்றபடியே கொத்தினார். கொத்து தண்டிலேயேதான் விழுந்தது. வேர் எங்கே ஆரம்பிக்கிறது என்று மேலிருந்து தெரியவே இல்லை. முள் கையைக் கிழித்ததுதான் மிச்சம்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலடிப் பிடியைக் கழற்றி வீசினார். பழையதையே மாட்டினார். வேறு வழியில்லாமல் முனகிக்கொண்டே குந்தி உட்கார்ந்தார்.

கிளைகளை விலக்கித் தலையை உள்ளே நுழைத்தார். கையால் மண்ணைத் தள்ளினார். நாலு விரல் ஆழத்தில், தண்டும் வேரும் சேருகிற இடத்தில், ஒரு முண்டு இருந்தது. அத்தனை தளிரும் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

"அடப்பாவி, இங்கயா இருக்க?"

முண்டுக்குக் கீழே நாலு போடு. புதர் முழுசாகக் கையோடு வந்தது. மண்ணில் மறுபடி பிடிக்காதபடி, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்துப் போட்டார்.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. உட்கார்ந்தபடியே அடுத்த புதருக்கு நகர்ந்தார். அப்புறம் அதற்கடுத்தது. மந்திரம் நினைவிலேயே இல்லை. வெகுநாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

வெயில் தாழ்ந்தபோது தவமணியம்மா வந்து பின்னால் நின்றார்.

"முழங்கால் எப்படிய்யா இருக்கு?"

"எந்த முழங்கால்?" என்றார் விருத்தாசலம், மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தவமணியம்மா சிரித்தார். மண் அப்பிய விருத்தாசலத்தின் காது, அந்தக் குள்ளமான அம்மாளுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

லேசாகக் குனிந்து, மந்திரத்தைச் சொன்னார்.