ஆழாக்கு வந்த நாள்

ஒரு ஊரில் பஸ் நிலையத்துக்கு அருகே இரண்டு ஓட்டல்கள் எதிரும் புதிருமாக இருந்தன. அவற்றில் ஒன்றில் ஒரு தோசைக்கல் வேலை பார்த்தது. காலையில் அடுப்பேறினால் கடை அடைக்கும்போதுதான் இறங்கும். அதற்குக் கூலி எண்ணெய். அளந்து கொடுப்பது கல்லாப்பெட்டி.

ஆரம்பத்தில் கல்லாப்பெட்டி தாராளமாகத்தான் கொடுத்தது. பிறகு எதிர் ஓட்டல் கல்லாப்பெட்டி தன் தோசைக்கல்லுக்கு எண்ணெயைக் குறைத்து, தோசை விலையையும் குறைத்தது. பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் நேரே அங்கே போனார்கள். இதுவும் குறைத்தது. அது இன்னும் குறைத்தது. கடைசியில் பாதி வெங்காயத்தைத் தண்ணீரில் தொட்டுத் தேய்ப்பதோடு கூலி முடிந்தது.

தோசைக்கல் வறண்டுபோனது. மாவு விடாமல் ஒட்டியது. தோசைத் திருப்பி சுரண்டும்போதெல்லாம் தோல் உரிகிற மாதிரி எரிந்தது.

"நான் வேணும்னா செய்யுதேன்? கிழிஞ்ச தோசையை எவன் திங்கான்?" என்று திருப்பியும் புலம்பியது.

ஒருநாள் தோசைக்கல் கேட்டுவிட்டது. "அண்ணாச்சி, இனி தாங்காது. விரிசல் விட்டிரும் போலிருக்கு."

"கொடுக்கக்கூடாதுன்னா நினைக்கேன்?" என்றது கல்லாப்பெட்டி, தோசைக்கல்லின் முகத்தைப் பார்க்காமல். "நான் எண்ணெயைக் கூட்டினா தோசை விலையைக் கூட்டணும். கூட்டினா ஒருத்தன் உள்ளே வரமாட்டான். எதிர்க்கடைக்காரன் குறைக்கிற வரைக்கும் நானும் குறைச்சுத்தான் ஆகணும்."

"அங்கே இருக்கிற தோசைக்கல்லும் இதைத்தானே கேட்டிருக்கும்?"

"கேட்டிருக்கும். அந்தக் கல்லாப்பெட்டியும் என்னைக் கைகாட்டியிருக்கும்."

தோசைக்கல் வேறு வழி பார்த்தது. தொழிலாளர் ஆபீசுக்கு டிபன் கொண்டுபோகும் தூக்குவாளியைக் கூப்பிட்டு, நடப்பதை அங்கே சொல்லச் சொன்னது. பக்கத்திலிருந்த மாவு கிரைண்டர் பதறிவிட்டது.

"வெளியே தெரிஞ்சா உன்னைப் பழைய இரும்புக்கடையிலே போட்டிருவாங்க."

"இப்படியே இருந்தாலும் அங்கேதான் போகப்போறேன்" என்றது தோசைக்கல்.

தூக்குவாளி போய்ச் சொன்னது. அதன்பிறகு நாட்கள் சும்மா நகர்ந்தன. சொன்னது தப்போ என்று தோசைக்கல்லே நினைக்கத் தொடங்கிய சமயத்தில், ஒரு காலையில் கழுத்தில் அரசு முத்திரை குத்திய, எண்ணெய் அளக்கும் ஆழாக்கு ஒன்று ஓட்டலுக்குள் வந்தது. ஆள் குள்ளம்தான். ஆனால் குரல் சமையல்கட்டு வரை கேட்டது.

"தோசைக்கல்லுக்குத் தினமும் என் வாய் நிறைய எண்ணெய். இதுக்குக் கீழே ஒரு சொட்டு குறையக்கூடாது."

கல்லாப்பெட்டி குறுக்கிட்டது. "அப்போ நான் கடையை அடைக்க வேண்டியதுதான். எதிர்க்கடைக்காரன் சிரிப்பான்."

"எப்படிச் சிரிப்பான்? அங்கே எங்க அண்ணன் போயிருக்கான்" என்றது ஆழாக்கு. "அவனும் என் அளவுதான். இந்த ஊர்லே எந்த ஓட்டலுக்குப் போனாலும் எங்கள்லே ஒருத்தன் இருப்பான்."

"எல்லாக் கடையிலயுமா?"

"எல்லாக் கடையிலயும்."

கல்லாப்பெட்டி எட்டிப் பார்த்தது. எதிர் ஓட்டலில் தோசைக்கல்லின் மேல் எண்ணெய் பளபளவென்று பரவிக்கொண்டிருந்தது. அங்கே கரும்பலகையில் பழைய விலையை அழித்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த கல்லாப்பெட்டியின் மூடி மெல்லத் தளர்ந்தது. எண்ணெய் டின்னைத் திறக்கச் சொல்லி, ஆழாக்கில் ததும்பத் ததும்ப ஊற்றச் சொன்னது.

"வழியுது" என்றது ஆழாக்கு.

"வழியட்டும். குறையக்கூடாதுன்னுதானே சொன்னே?"

ஆழாக்கு தோசைக்கல்லின் மேல் சாய்ந்தது. ஒவ்வொரு துளையாக உள்ளே இறங்கியது எண்ணெய். அப்புறம் ஊற்றிய முதல் தோசை, ஓரம் சிவந்து, திருப்பி தொட்டதுமே வட்டமாக எழுந்து வந்தது.

கல்லாப்பெட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தோசைக்கல்லிடம் தணிந்த குரலில் சொன்னது:

"உன்னை நேருக்கு நேர் பார்த்து எத்தனை நாளாச்சு."